இரண்டு குப்பிகளும் ஒரு பிடி உப்பும்: நீர்வண்ணத்தில் டெக்ஸ்சர் தரும் பொருள்கள் குறித்து ஒரு மதிப்புரை

நீர்வண்ணம் தீட்டுவோருக்காக விற்கப்படும் துணைத் திரவங்களில், வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் கிரானுலேஷன் மீடியமும் டெக்ஸ்சர் மீடியமும் கடை அலமாரியில் பெரும்பாலும் அருகருகே நிற்கும். இரண்டும் 75 மி.லி. குப்பிகளில் கிடைக்கின்றன. வழவழவென்று உலரும் வாஷில் (தாளில் பரப்பும் நீர்த்த வண்ணப் பூச்சில்) ஒரு சொரசொரப்பை, கல்லின் அல்லது மணலின் தோற்றத்தை வரவழைக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் இரண்டையும் வாங்குகிறோம். ஆனால் அவை செய்யும் வேலை வேறு வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் வாங்குபவர்கள் இரண்டில் ஒன்றையாவது பயன்படுத்தாமலேயே வைத்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும், சமையலறையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் சில பொருள்களையும், ஒரே தாளில் அதே நிறங்களைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம்: முதல் குப்பி பலருக்கும் பயன்படும், இரண்டாவது சிலருக்கு மட்டுமே பயன்படும், இரண்டுக்கும் முன்னதாகப் பணம் செலவிட வேண்டியவை நல்ல தாளும், தானாகவே திரளும் இயல்புள்ள இரண்டு நிறங்களும்.

கிரானுலேஷன் என்று ஓவியர்கள் சொல்வது, நீரில் மிதக்கும் நிறமித் துகள்கள் சமமாகப் பரவாமல், தாளின் பள்ளங்களில் படிந்தோ, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டோ, உலர்ந்த பின் புள்ளிபுள்ளியாகத் தெரிவதைத்தான். எல்லா நிறங்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. பிரெஞ்சு அல்ட்ராமரின், கோபால்ட் நீலம், செருலியன், விரிடியன், பாட்டர்ஸ் பிங்க், பர்ன்ட் அம்பர் போன்றவற்றின் துகள்கள் கனமானவையாகவோ திரளும் இயல்புடையவையாகவோ இருப்பதால், எந்தத் துணைத் திரவமும் இல்லாமலேயே இவை தாளில் மணல்போலப் படிகின்றன. தாலோ நீலம், தாலோ பச்சை, க்வினக்ரிடோன் வகைச் சிவப்புகள் ஆகியவை மிக நுண்ணிய துகள்களால் ஆனவை; இவை நார்களுக்குள் ஊறி, கறைபோல ஒட்டி, ஒரே சீராக உலரும். அல்ட்ராமரின் செயற்கையாக உருவாக்கப்பட்டது 1828-இல், பிரான்சில். தாலோ நீலம் சந்தைக்கு வந்தது 1930களில். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இந்த இரண்டு நீலங்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்துத் தீட்டிப் பார்ப்பதைவிட எளிதாக கிரானுலேஷனைப் புரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

கிரானுலேஷன் மீடியம், சீராக உலரும் நிறங்களையும் ஓரளவு திரளச் செய்வதற்காக உருவாக்கப்பட்டது. வண்ணத்தைத் தண்ணீருக்குப் பதிலாக இந்தத் திரவத்திலேயே கரைத்தால் விளைவு மிகுதியாக இருக்கும். தண்ணீரோடு கலந்து பயன்படுத்தினால் அதற்கேற்பக் குறையும். நடைமுறையில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஈரப் பிரஷால் ஒரு துளி தொட்டுக் கலந்து, ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று குப்பியை ஒதுக்கிவைப்பவர்கள் பலர். சிறு கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி, டியூபிலிருந்து எடுத்த வண்ணத்தை அதிலேயே நன்றாகக் கரைத்து, தாராளமாக ஈரம் நிற்கும்படி தாளில் விட்டு, தாளைச் சற்றுச் சாய்த்து அசைத்து, பிறகு கை வைக்காமல் படுக்கையாக உலரவிட வேண்டும். துகள்கள் நகர்ந்து சேர நேரம் தேவைப்படுகிறது. ஹேர் டிரையரைக் காட்டி அவசரப்படுத்தினால், செலவழித்த திரவத்தின் பயன் பாதியாகிவிடும். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியும் இதே கெடுதலைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும்.

என் மேசையில் இந்தத் திரவம் மிகவும் நன்றாக வேலை செய்தது, ஏற்கெனவே ஓரளவு திரளும் நிறங்களோடுதான். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்த சாம்பல் நிறத்தில், இரண்டு நிறமிகளும் பிரிந்து, ஓர் இடத்தில் பழுப்பும் பக்கத்தில் நீலமுமாக நின்றன. மழையில் நனைந்த கருங்கல் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் வேறு வேண்டியதில்லை. க்வினக்ரிடோன் சிவப்பில் மென்மையான புள்ளித் தன்மை தோன்றியது; அருகிலிருந்து பார்த்தால் அழகு, இரண்டடி தள்ளி நின்றால் மறைந்துவிடும். தாலோ நீலத்தில் கிடைத்தது அதைவிடக் குறைவு. இதைக் குப்பியின் குறையாகச் சொல்ல முடியாது. நார்களுக்குள் ஊறிப்போகும் நிறமியை எந்தத் திரவமும் அல்ட்ராமரினாக மாற்றிவிடாது. ஆகவே தாலோ நிறங்களை மட்டுமே வைத்திருப்பவர், குப்பிக்குக் கொடுக்கும் பணத்தை ஓர் அல்ட்ராமரின் டியூபுக்குக் கொடுப்பது நல்லது.

வாங்கும்போது டியூபின் பெயரை மட்டும் பார்க்காமல், நிறமிக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். அல்ட்ராமரினுக்குப் பிபி 29, கோபால்ட் நீலத்துக்குப் பிபி 28, விரிடியனுக்குப் பிஜி 18 என்ற குறியீடுகள் டியூபின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மாணவர் தர வண்ணங்களில் ‘கோபால்ட் நீலம் ஹ்யூ’ என்று எழுதியிருந்தால், அது கோபால்ட் அல்ல, அதன் சாயலுக்காக வேறு நிறமிகளைக் கொண்டு செய்த கலவை. கோபால்ட்டின் திரளும் இயல்பு அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பெயரை நம்பி வாங்கிவிட்டு, டெக்ஸ்சர் வரவில்லை என்று தாளையும் கையையும் நொந்துகொள்பவர்களை ஓவிய வகுப்புகளில் அடிக்கடி காணலாம்.

இந்த வேலையை டியூபிலேயே முடித்துக் கொடுக்கும் வண்ணங்களும் உள்ளன. டேனியல் ஸ்மித் நிறுவனத்தின் லூனார் பிளாக், மேக்னடைட் என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடால் ஆனது. ஒரு பிரஷ் வீச்சிலேயே ஓடிப் பிரிந்து, வறண்ட ஆற்றுப் படுகையின் தோற்றத்தைத் தருகிறது. ஷ்மின்கே நிறுவனம் தன் ஹோராடாம் வரிசையில், திரளும் நிறமிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து சூப்பர் கிரானுலேஷன் வண்ணங்களாக விற்கிறது. கிளேசியர், டுண்ட்ரா, கேலக்ஸி, ஃபாரஸ்ட் போன்ற பெயர்களில் தொகுப்புகளாகவும் கிடைக்கின்றன. அழகானவைதாம். ஆனால் ஓவியத்தில் எல்லா இடமும் பிரிந்து நிற்கும்போது கண் தங்குவதற்கு அமைதியான இடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சமூக ஊடகங்களில் காணும் பல மலைக்காட்சிகள் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இந்த டியூபுகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஒரு நிறம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். முழுத் தொகுப்பு தேவையில்லை.

டெக்ஸ்சர் மீடியத்தைப் பற்றிச் சொல்வதற்கு இவ்வளவு இல்லை. இதில் நுண்ணிய துகள்கள் கலந்திருக்கின்றன. தாளில் நேரடியாகப் பூசி, உலர்ந்த பின் மேலே வண்ணம் தீட்டலாம். வண்ணத்தோடு கலந்தும் பூசலாம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சுகளும் கொடுக்கலாம். உலர்ந்த இடத்தைத் தடவினால் தேய்ந்த உப்புத்தாளைத் தொடுவது போலிருக்கும். கடற்கரை மணல், காரை பெயர்ந்த சுவர், பாறை ஆகியவற்றில் இது பொருந்துகிறது. முதலில் பூசி உலரவிட்டு, அதன் மேல் ஓரளவு வறண்ட பிரஷை இழுத்தால், மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டிப் பள்ளங்களில் வெள்ளை மிஞ்சும். இதுவே இதன் சிறந்த பயன் என்று கருதுகிறேன். ஆனால் ரஃப் எனப்படும் கரடான தாள் கையில் இருந்தால் இதே விளைவில் பெரும் பகுதி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. ஹாட் பிரஸ் எனப்படும் வழவழப்பான தாளில் பூக்களையும் கட்டடங்களையும் நுணுக்கமாக வரைபவர், படத்தின் ஒரு மூலையில் மட்டும் சொரசொரப்பை விரும்பினால், அவருக்கு இது உதவும். மற்றவர்கள் இல்லாமலேயே சமாளிக்கலாம். பயன்படுத்திய பிரஷை உடனே கழுவிவிட வேண்டும். சேபிள் எனப்படும் மென்முடிப் பிரஷைக் கொண்டு இதைத் தொடாமலிருப்பது இன்னும் நல்லது.

இனி உப்பு. எந்தக் கலைப் பொருள் கடையிலும் விற்கப்படாத, ஆனால் எந்தக் குப்பியையும்விடக் கவர்ச்சியான விளைவைத் தரும் இப்பொருளைப் பற்றிப் பயிற்சி நூல்களில் ஒரு வரியே இருக்கும்: ‘ஈர வாஷின் மேல் தூவுங்கள்’. அந்த ஒரு வரி போதாது. உப்புக்கல் தன்னைச் சுற்றியுள்ள நீரை ஈர்த்துக் கரையும்போது, நிறமி இடம்பெயர்ந்து, கல்லைச் சுற்றி வெளிறிய நட்சத்திர வடிவம் தோன்றுகிறது. வாஷில் நீர் குளமாக நிற்கும்போது தூவினால் உப்பு முழுவதும் கரைந்து, வடிவம் எதுவும் இல்லாமல் நிறம் வெளிறிப்போகும். தாள் ஏறக்குறைய உலர்ந்த பின் தூவினால் உப்பு வெறுமனே ஒட்டிக்கொள்ளும். நீரின் பளபளப்பு அடங்கி, தாளைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு மினுக்கம் தெரியும் அந்தச் சிறு பொழுதுதான் சரியான நேரம். கல்லுப்பு பெரிய, இடைவெளி விட்ட நட்சத்திரங்களைத் தரும். தூளுப்பு பனிப்பொழிவுபோல நெருக்கமான புள்ளிகளைத் தரும். இரண்டையும் கலந்து, ஓரிடத்தில் அடர்த்தியாகவும் மற்றோரிடத்தில் அரிதாகவும் தூவுவதே இயல்பாக இருக்கும். சீராகத் தூவினால் துணிக்கடைச் சேலையின் அச்சுபோல ஆகிவிடுகிறது.

அந்தச் சரியான பொழுது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஊரையும் பருவத்தையும் பொறுத்தது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எடுத்த காணொளியில் சொல்லப்படும் நிமிடக் கணக்கை நம் ஊரில் பின்பற்ற இயலாது. சித்திரை வெயிலில் மதுரையிலோ வேலூரிலோ வாஷ் கண் முன்னே காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்காலத்தில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அதே வாஷ் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதால், தூவிய இடம் மறுநாளும் பிசுபிசுக்கும். முழுவதும் காய்ந்த பிறகு உப்பை ஒவ்வொரு பரலாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எஞ்சியது தாளுக்குள் தங்கி, ஆண்டுகள் கடந்தும் ஈரத்தை ஈர்த்துக்கொண்டிருக்கும். விற்பனைக்கோ நெடுங்காலம் சட்டமிட்டு மாட்டுவதற்கோ தீட்டும் ஓவியத்தில் நான் உப்பைத் தவிர்க்கவே விரும்புகிறேன். அங்கேதான் கிரானுலேஷன் மீடியத்துக்குக் கொடுக்கும் பணம் நியாயமாகிறது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு இந்தக் குறை இல்லை, அது ஆவியாகிவிடுகிறது. அதன் பரப்பு இழுவிசை நீரின் பரப்பு இழுவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதால், ஈர வாஷில் ஒரு துளி விழுந்தவுடன், சுற்றியுள்ள நீர் அதிலிருந்து விலகி ஓடுகிறது. நடுவில் வெளிறிய வட்டமும், ஓரத்தில் அடர்ந்த வளையமும் உருவாகின்றன. இங்கே வாஷ் உப்புக்குத் தேவைப்படுவதைவிடச் சற்றுக் கூடுதலாக ஈரமாக இருக்கலாம். பழைய பல் துலக்கியில் தொட்டுத் தெறித்தால் சிறு வட்டங்கள், இங்க் ஃபில்லரால் விட்டால் பெரியவை. குளத்தடி நீர், மீன் செதில், பாசி படிந்த கல் ஆகியவற்றுக்கு இதற்கு ஈடில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கை சுத்தம் செய்யும் ஜெல்லை மாற்றாகக் கொள்ள வேண்டாம். அதில் கலந்திருக்கும் கெட்டிப்படுத்தும் பொருள் தாளின் மேல் தங்கிவிடும்.

உணவைச் சுற்றும் கிளிங் ஃபிலிமை ஈர வாஷின் மேல் கசக்கிப் பரப்பி, சுருக்கங்களை விரலால் இழுத்து அமைத்து, முழுவதும் உலரும்வரை அப்படியே விடுவது மற்றொரு வழி. ஃபிலிம் தாளைத் தொடும் இடங்களிலும் சுருக்கத்தின் ஓரங்களிலும் நிறமி வெவ்வேறு அளவில் சேர்ந்து, படிகம் அல்லது பாறைப் பிளவு போன்ற கூர்மையான கோடுகள் கிடைக்கின்றன. ஆவல் தாங்காமல் நடுவில் தூக்கிப் பார்த்தால் கோடுகள் கலைந்துவிடும். ஈரக் கசிவான பருவத்தில் ஓர் இரவு முழுவதும் விட வேண்டியிருக்கும். செலவுக்கும் விளைவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், இந்த மதிப்புரையில் உள்ள அனைத்திலும் இதற்கே முதலிடம்.

மாஸ்கிங் ஃப்ளூயிட், ரப்பர் பாலால் ஆன திரவம். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசி, மேலே வாஷ் கொடுத்து, உலர்ந்த பின் உரித்து எடுப்பது இதன் பொதுப் பயன். டெக்ஸ்சருக்கு இதைப் பிரஷால் பூசாமல் தெறிக்க வேண்டும், அல்லது கசக்கிய தாளிலோ ஸ்பாஞ்சிலோ தொட்டு ஒற்ற வேண்டும். ஒரு வாஷ் உலர்ந்த பின் மீண்டும் தெறித்து, இரண்டாம் வாஷ் கொடுத்து, இறுதியில் எல்லாவற்றையும் உரித்தால், மூன்று அடுக்கு நிறங்கள் புள்ளிகளாக வெளிப்படும். சரளைக்கல் பாதை இப்படித்தான் எளிதில் வருகிறது. பிரஷைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிரஷே போதும். ஈரத் தாளில் பூசுவதும், பூசியதை வெயிலில் காயவைப்பதும், நாள்கணக்கில் உரிக்காமல் விடுவதும் தாளின் தோலோடு பெயர்த்துவிடும். மலிவான தாளில் இது சரியான நேரத்தில் உரித்தாலும் நேரக்கூடும். வின்சர் அண்ட் நியூட்டன் வரிசையில் பெர்மனன்ட் மாஸ்கிங் மீடியம் என்று இன்னொன்றும் உண்டு. அதை உரிக்க முடியாது, அது தாளிலேயே தங்கி நீரைத் தடுக்கும். பெயரைச் சரியாகப் படிக்காமல் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

மெழுகுவர்த்தித் துண்டு இதே தடுப்பு வேலையைக் காசில்லாமல் செய்கிறது. பிரித்தானியச் சிற்பி ஹென்றி மூர், இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் உறங்கிய மக்களை 1940-41-இல் வரைந்த சித்திரங்களில், மெழுகுக் கிரேயானின் மேல் நீர்வண்ண வாஷைப் படரவிட்டார். மெழுகு நீரைத் தள்ளியதால், போர்வைகளின் மடிப்பும் சுரங்கச் சுவரின் கரடும் ஒரே வீச்சில் வந்தன. மெழுகை எடுக்க இயலாது என்பதும், பூசிய இடம் வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாது என்பதும் இதன் இடர்கள். தாளைக் கத்தியாலும் நகத்தாலும் சுரண்டி வெளிச்சத்தை எடுப்பது இன்னும் பழமையானது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் அதில் கைதேர்ந்தவர். ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் ஓவியர் சோதாட்சு கையாண்ட தாராஷிகோமி முறையில், உலராத வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணத்தைச் சொட்டவிட்டு, அது தானே பரவிக் கறைபடிவதையே இலையின் நரம்பாகவும் மரப்பட்டையாகவும் ஆக்கினார்கள். இவர்கள் எவரிடமும் 75 மி.லி. குப்பி இருக்கவில்லை, ஆனால் தம் தாள் எவ்வளவு தாங்கும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொரு முறையும் கடைசியில் தாளிடம் வந்துதான் நிற்கிறது. மரக்கூழால் ஆன மெல்லிய வரைதாளில் வாஷ் உடனே உறிஞ்சப்படுவதால், உப்புக்கும் ஆல்கஹாலுக்கும் நேரமே கிடைப்பதில்லை. கிரானுலேஷன் மீடியமும் அங்கே வீண். முழுவதும் பருத்தியாலான, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, ஜெலட்டின் பூச்சுள்ள தாளில் நீர் மேற்பரப்பில் நின்று மெதுவாக இறங்குகிறது. பிரான்சின் ஆர்ஷ் நிறுவனத்தின் கோல்டு பிரஸ் எனப்படும் மிதமான சொரசொரப்புள்ள தாளில் மேற்கண்ட அனைத்தும் எதிர்பார்த்தபடி நடந்தன. அதன் ரஃப் வகையில் அல்ட்ராமரின் எந்தக் குப்பியும் இன்றியே முழுமையாகத் திரண்டது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை போன்ற இடங்களில் கிடைக்கும் கைவினைத் தாள்களின் சீரற்ற மேற்பரப்பும் டெக்ஸ்சருக்கு ஏற்றது. ஆனால் கைத்தாள்களின் பசைப்பூச்சு வகைக்கு வகை மாறும் என்பதால், மாஸ்கிங் ஃப்ளூயிடை ஓரத்தில் சிறிது பூசி உரித்துப் பார்த்த பிறகே முழுத் தாளில் இறங்க வேண்டும்.

தாளே வேண்டாம், கேன்வாஸிலோ மரப்பலகையிலோ நீர்வண்ணம் தீட்ட வேண்டும் என்பவர்களுக்கு டேனியல் ஸ்மித் வாட்டர்கலர் கிரவுண்டு என்னும் அடித்தளப் பூச்சு உண்டு. இதைப் பேலட் நைஃபால் தடித்துப் பூசி, சீப்பாலோ கசக்கிய துணியாலோ கோடிழுத்து, குறைந்தது ஒரு நாள் முழுவதும் உலரவிட்டால், உறிஞ்சும் தன்மையுள்ள மேடுபள்ளமான தளம் கிடைக்கும். கெட்டுப்போன நீர்வண்ணத்தின் மேல் பூசி அதே தாளை மீண்டும் பயன்படுத்தவும் முடிகிறது. டெக்ஸ்சர் மீடியத்துக்கும் இதற்கும் இடையில் ஒன்றைத்தான் வாங்க இயலும் என்றால், இதையே வாங்கச் சொல்வேன்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் பருத்தித் தாளில் சில தாள்களும், பிபி 29 அல்ட்ராமரினும், ஒரு பர்ன்ட் அம்பரும் வாங்கி, உப்பு, ஆல்கஹால், கிளிங் ஃபிலிம் ஆகியவற்றோடு பழகட்டும். அடுத்ததாக மாஸ்கிங் ஃப்ளூயிட். விற்பனைக்குத் தீட்டத் தொடங்கிய பின், கிரானுலேஷன் மீடியத்தை வாங்கலாம். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தேவையான அளவை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, எஞ்சியதை மீண்டும் குப்பியில் ஊற்றாமல் இருந்தால் திரவம் தெளிவாகவே இருக்கும். டெக்ஸ்சர் மீடியத்தையோ, அடியில் தங்கிய துகள்கள் எழும்படி ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும்.